எலிக்காய்ச்சலும் இரத்தமும்: ரிப்போட் வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பில் ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். எனது மேசைக்கு முன்னால் ஒரு யன்னல். ரிப்போட் வாங்க வருபவர்கள் அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேள்வி கேட்பார்கள். கார்த்திகை தொடங்கித் தை வரை, மழையும் வேளாண்மையும் சேர்ந்து வரும் காலத்தில், வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை, உன்னிச்சைப் பக்கமிருந்தும் சம்மாந்துறை, நிந்தவூர், திருக்கோவில் பக்கமிருந்தும் வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றைப் பற்றித்தான்: எலிக்காய்ச்சல். அதிலும், அது இரத்தத்தை என்ன செய்கிறது என்பது.

நான் டொக்டர் இல்லை. வருத்தத்தைப் பார்த்து மருந்து சொல்வது அவர்கள் வேலை. கடதாசியில் உள்ள எண்களுக்கு என்ன அர்த்தம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

எலி கடிச்சாத்தானே மகள் எலிக்காய்ச்சல் வரும்? என்னை ஒண்டும் கடிக்கல்லையே.

கடிக்கவே தேவையில்லை. லெப்டோஸ்பைரா என்று ஒரு பக்டீரியா, சுருள் கம்பி மாதிரி நெளிந்திருக்கும். அது எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்குப் பெரிதாக ஒரு கேடும் இல்லை. எலியின் மூத்திரத்தோடு வெளியே வந்து வயல் தண்ணீரிலும் சேற்றிலும் கிடக்கும். சேற்றுப்புண், கால் வெடிப்பு, வரம்பு வெட்டும்போது பட்ட கீறல், கண், வாய் இவற்றில் ஏதாவது ஒரு வழியால் உடம்புக்குள் புகும். மாடு, எருமை, பன்றி, நாய் இவற்றின் மூத்திரத்திலும் இருக்கலாம். எருமை புரளும் குட்டையில் கால் கழுவுவதும் அதனால் யோசிக்க வேண்டிய விசயம்.

புகுந்த உடனே காய்ச்சல் வராது. 2 நாளிலிருந்து 30 நாள் வரை ஆகலாம். பெரும்பாலும் 5 முதல் 14 நாள். உழவுக்கு இறங்கியது போன கிழமை, காய்ச்சல் இந்தக் கிழமை என்றால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், டொக்டரிடம் போனதும் முதல் வசனமே “நான் வயலில் இறங்கினேன்” என்பதாக இருக்கட்டும். இதைச் சொல்லாமல் வெறும் காய்ச்சல் என்று மட்டும் சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் நான்காம் ஐந்தாம் நாளில் கண் மஞ்சளாகி யன்னலுக்கு வருகிறார்கள்.

காய்ச்சல்தானே மிஸ், இதுக்கேன் ஒவ்வொரு நாளும் இரத்தம் எடுக்கிறாங்க?

பலருக்கு இது வெறும் காய்ச்சலாக வந்து போய்விடும். தலையிடி, கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே உயிர் போகும் நோ, பீளை இல்லாமல் சிவந்த கண். மருந்து எடுத்தால் ஒரு கிழமையில் எழும்பிவிடுவார்கள். நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் ஈரல், சிறுநீரகம், நுரையீரல், இரத்தம் என்று இறங்கிப் பாதிக்கும். அவர்கள் யார் என்பது முதல் நாளில் முகத்தைப் பார்த்துத் தெரியாது. எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்த்துத்தான் பிடிக்க முடியும். ஒரு நாள் ரிப்போட்டில் ஒன்றும் தெரியாவிட்டாலும், மூன்று நாள் ரிப்போட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறையத் தெரியும். ஆகவே பழைய கடதாசிகளை வீசிவிட வேண்டாம், எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

2008இல் இலங்கை முழுவதும் 7000க்கு மேற்பட்டவர்கள் இந்தச் சந்தேகத்தில் பதிவானார்கள், 200 பேரளவில் இறந்தார்கள். ஆகவே “காய்ச்சல்தானே” என்று விட்டுவிட முடியாது.

பிளேட்லெட் 82 எண்டு போட்டிருக்கு. 82 தானா மிச்சம் இருக்கு?

இந்தக் கேள்வியை ஒரு வயதான அம்மா அழுதுகொண்டே கேட்டார். 82 என்றால் 82 ஆயிரம். ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில், அதாவது ஊசி முனையளவு துளியில், அத்தனை குருதிச் சிறுதட்டுக்கள், அதாவது இரத்தக் கசிவை அடைக்கும் பிளேட்லெட்கள். சில ரிப்போட்டில் 82,000 என்று முழுதாக இருக்கும், சிலதில் 82 என்று சுருக்கி இருக்கும். சாதாரணமாக 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்க வேண்டும். ஆகவே குறைவுதான், ஆனால் தீர்ந்து போகவில்லை.

இன்னொன்று. எண்ணுவது மெசின். சிறுதட்டுக்கள் குழாய்க்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால் மெசின் அவற்றைச் சரியாக எண்ணாது, இல்லாத குறைவைக் காட்டிவிடும். எதிர்பாராத குறைவு வந்தால் நாங்கள் கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைப் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். “ரிப்போட் பிந்தும்” என்று சொன்னால் கோபிக்காதீர்கள், அந்தப் பத்து நிமிடம் இதற்குத்தான்.

ஏன் குறையுது? எலும்புக்குள்ள உற்பத்தி நிண்டு போச்சா?

உற்பத்தி கொஞ்சம் மந்தப்படும், ஆனால் முழுதாக நிற்பதில்லை. உருவாகும் சிறுதட்டுக்கள் செலவாகிவிடுவதுதான் பெரிய சங்கதி. இந்தப் பக்டீரியா இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பழுதாக்குகிறது. வரம்பில் நண்டு வளை போட்டுத் தண்ணீர் கசிந்தால் என்ன செய்வீர்கள்? சேற்றை அள்ளி அள்ளி அடைப்பீர்கள். ஒரு வளை என்றால் ஒரு பிடி சேறு. வரம்பு முழுக்க வளை என்றால்? சிறுதட்டுக்களின் கதை அதுதான். உடம்பு முழுக்க நுண்ணிய குழாய்களில் அடைத்து அடைத்தே முடிந்து போகின்றன. சிலவற்றை நோய் எதிர்ப்பு வேலையின் குழப்பத்தில் உடம்பே அழித்தும் விடுகிறது.

பக்டீரியாவை மருந்து அடக்கியதும் வளை போடுவது நிற்கும், எண்ணிக்கை தானாக ஏறும். பெரும்பாலும் சில நாட்களிலேயே ஏறத் தொடங்கிவிடும். சிறுதட்டைக் கூட்டுவதற்கென்று தனி மருந்து கொடுக்காமல் பெனிசிலினோ செஃப்ட்ரியாக்சோனோ ஊசியில் போடுவது இதனால்தான்.

டெங்கா எலிக்காய்ச்சலா? நீங்க இரத்தத்தப் பார்த்துச் சொல்லிருவீங்கதானே தங்கச்சி?

ஊகிக்கலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டிலும் சிறுதட்டு இறங்கும். ஆனால் டெங்கில் வெள்ளணுவும் இறங்கும்; எலிக்காய்ச்சலில் அது பெரும்பாலும் ஏறும், அதிலும் நியூட்ரோஃபில் என்ற வகை கூடும். டெங்கில் இரத்தம் தடிக்கும், அதாவது பிசிவி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும். எலிக்காய்ச்சலில் ஹீமோகுளோபினும் பிசிவியும் இறங்கவே வாய்ப்பு அதிகம். சிஆர்பி (அழற்சியைக் காட்டுவது), கிரியேட்டினின் (சிறுநீரகப் பழுதைக் காட்டுவது), பிலிருபின் (கண் மஞ்சளாவதற்குக் காரணமானது) மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தால் டொக்டரின் மனம் எலிக்காய்ச்சல் பக்கம் போகும்.

விதிவிலக்குகள் எப்போதும் உண்டு. மழைக்காலத்தில் இரண்டும் ஒன்றாக வந்த ஆட்களும் இருக்கிறார்கள். யன்னலில் நின்று நான் ஒன்றைச் சொல்லி, அதை நம்பி நீங்கள் வீட்டுக்குப் போய்விட்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

பப்பாசி இலைச் சாறு குடுத்தா பிளேட்லெட் ஏறுமாமே?

எலிக்காய்ச்சலுக்கு அது மருந்து என்று நிரூபிக்கப்படவில்லை. கசப்புச் சாற்றைக் குடித்து வாந்தி எடுத்து, உள்ள தண்ணீரும் போன ஆட்களைக் கண்டிருக்கிறேன். மேலே சொன்ன மாதிரி, பக்டீரியா அடங்கினால் எண்ணிக்கை ஏறும். அந்த நேரத்தில் சாறும் குடித்திருந்தால் புகழ் பப்பாசிக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

செவ்விளநீர் பற்றியும் கேட்பார்கள். சாதாரணமாக நல்லதுதான். ஆனால் மூத்திரம் குறைந்துவிட்ட ஆளுக்குக் கொடுக்க முன் வார்ட்டில் கேளுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம், வேலை செய்யாத சிறுநீரகத்துக்கு அது ஆபத்து.

நாங்க பத்துப் பேர் இரத்தம் குடுக்க நிக்கிறம். வாட்டில பிளேட்லெட் ஏத்த மாட்டாங்களாம். ஏன் இப்பிடிச் செய்றாங்க?

கல்முனையிலிருந்து வந்த ஒரு காக்கா (அண்ணன்) கேட்டது. கோபத்தில்தான் கேட்டார், நியாயமான கோபம். ஆனால் எண் குறைந்தவுடன் ஏற்றுவது வழக்கமில்லை. எங்காவது இரத்தம் கசிகிறதா, எண் எவ்வளவு தூரம் இறங்கிவிட்டது, ஏதாவது சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் டொக்டர் முடிவெடுப்பார். 60 ஆயிரம் இருந்தும் கசிவில்லாத ஆளுக்கு ஏற்றினால், ஏற்றியதும் அதே நண்டு வளைகளுக்குள்தான் போய் முடியும். ஏற்றுவதால் வரும் ஒவ்வாமை, மூச்சுத்திணறல் போன்ற ஆபத்து வேறு.

பத்துப் பேரும் வீணில்லை. இரத்த வங்கியில் பெயர் கொடுத்து வையுங்கள். தேவை வந்தால் அவர்களே கூப்பிடுவார்கள்.

கண் மஞ்சள். செங்கமாரிக்கு மருந்து கட்டுற இடத்துக்குக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். காய்ச்சலோடு கண் மஞ்சளானால் அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளம், அதுவும் அன்றைக்கே. அடோல்ஃப் வைல் என்ற ஜேர்மன் மருத்துவர் 1886இல் விவரித்தது இந்த வகையைத்தான்: மஞ்சள், சிறுநீரகப் பழுது, இரத்தக் கசிவு எல்லாம் சேர்ந்து வருவது. சீட்டில் “வைல்” என்று எழுதியிருந்தால் அவர் பெயர்தான் அது. அவருக்குக் கிருமி எதுவென்று தெரியாது. அதை 1915இல் ஜப்பானில்தான் கண்டுபிடித்தார்கள்.

ரிப்போட்டில் ஒரு சுவையான விசயம் உண்டு. வைரஸால் வரும் செங்கமாரியில் எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதி ஆயிரக்கணக்கில் ஏறும். எலிக்காய்ச்சலில் பிலிருபின் உச்சத்துக்குப் போயிருந்தாலும் எஸ்ஜிபிடி ஓரளவுதான் கூடியிருக்கும். ஈரல் கலங்கள் கூட்டமாகச் சாகவில்லை, பித்தம் போகும் வழி குழம்பியிருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் பயங்கர மஞ்சளாக இருந்த ஆளும் பிழைத்தால் ஈரல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

ஹீமோகுளோபின் 13 இருந்தது, இப்ப 9. இரத்தம் எங்க போகுது?

இதற்கு ஒரே பதில் இல்லை. குடலிலோ நுரையீரலிலோ கண்ணுக்குத் தெரியாமல் கசியலாம். கறுப்பாக, தார் மாதிரி மலம் போனால் உடனே சொல்லுங்கள். சேலைன் நிறைய ஏறியிருந்தால் இரத்தம் ஐதாகி எண் கொஞ்சம் குறைவாகக் காட்டும். சிறுநீரகம் நீண்ட நாள் பாதித்தால் சிவப்பணு உருவாக்கச் சொல்லும் சுரப்பும் குறையும்.

சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே உடைவதும் உண்டு. சில வகை லெப்டோஸ்பைராக்கள் சிவப்பணுவை உடைக்கும் பொருளைச் சுரக்கின்றன. மாட்டுக் கன்றுகள் சிவப்பாக மூத்திரம் பெய்வதற்கு அதுவும் ஒரு காரணம், பட்டிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். மனிதரில் இது பெரும்பாலும் சிறிய பங்குதான். ஆனால் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு பிறப்பிலேயே உள்ளவருக்கு எந்தத் தொற்றும் சிவப்பணு உடைவைத் தூண்டிவிடலாம். மலேரியா இருந்த காலத்தில் பிரைமாகுயின் குளிசை குடித்து மூத்திரம் கறுத்த ஆள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். அந்தக் குறைபாடு பரம்பரையாக வருவது.

பிளேட்லெட் 1,20,000 இருக்கெண்டு நீங்கதான் சொன்னீங்க. அண்டைக்கு ராவே இருமலில இரத்தம் வந்தது. ரிப்போட் பிழையா?

ரிப்போட் சரி. இதுதான் எனக்கு யன்னலில் விளங்கப்படுத்தக் கடினமான கேள்வி. சிறுதட்டு போதியளவு இருந்தும் நுரையீரல் கசியலாம். காரணம் மறுபடியும் அந்தக் குழாய்ச் சுவர்தான். சேறு எவ்வளவு இருந்தாலும் வரம்பே கரைந்தால் நிற்குமா?

நுரையீரலுக்குள் பெரிய கசிவு என்பது எலிக்காய்ச்சலின் மிகக் கொடிய முகம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்தாலும் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இறந்துவிடுகிற நிலை. அது சில மணித்தியாலங்களில் முற்றும், சிலருக்குக் கண் மஞ்சள் இல்லாமலே வரும். சிலருக்கு வெளியே இரத்தமே வராது, மூச்சு மட்டும் வாங்கும். ஆகவே எண் நல்லாயிருக்கிறது என்று ஆறுதல்பட்டு, படுக்கையில் இருப்பவரைப் பார்க்காமல் விடாதீர்கள். மூச்சு வேகமாகிறதா, இருமல் தொடங்கிவிட்டதா, மூத்திரம் போகிறதா. மூத்திரம் எத்தனை தரம், எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் டொக்டருக்கு என்னுடைய ரிப்போட்டை விட அது சில நேரம் பெறுமதி.

இரத்தம் உறையுதாம், ஒழுகுதாம். ஒரே ஆளுக்கு ரெண்டும் எப்பிடி நடக்கும்?

நடக்கும். கடுமையான தொற்றில் உறைதல் வேலை உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் தூண்டப்பட்டு, நுண்ணிய குழாய்களில் சின்னச் சின்னக் கட்டிகள் உருவாகும். அதற்குச் சிறுதட்டோடு ஃபைப்ரினோஜன் முதலிய உறைபொருள்களும் செலவாகும். எல்லாம் தீர்ந்ததும், உண்மையில் அடைக்க வேண்டிய இடத்தில் அடைக்க ஒன்றும் இராது. ஊசி குத்திய இடத்தில் கசிவு நிற்காது, பல் முரசில் இரத்தம் வரும். பிடி (இரத்தம் உறைய எடுக்கும் நேரம்), ஏபிடிடி, டி-டைமர் என்று நீளமாகப் பரிசோதனை எழுதித் தந்தால் இதைத்தான் தேடுகிறார்கள். பிடி நீளுவதற்கு ஈரலின் மந்தமும் ஒரு காரணம் என்பதால், சில நேரம் வைட்டமின் கே ஊசி போட்டுப் பார்ப்பார்கள்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு அரிதான நிலை உண்டு: சிறுதட்டும் குறையும், சிவப்பணுவும் கிழிந்து துண்டாகும், சிறுநீரகமும் படுக்கும். தகட்டில் அந்தத் துண்டுகளை, தொப்பி மாதிரி, அரிவாள் நுனி மாதிரிக் கண்டால் நாங்கள் ரிப்போட்டை அச்சடிக்கும் வரை நில்லாமல் டொக்டருக்கு நேரே அழைப்பு எடுப்போம். அதன் வைத்தியமே வேறு. இரத்தத்தின் திரவப் பகுதியை மாற்றுவது வரை போகலாம்.

எலிக்காய்ச்சல் டெஸ்ட் நெகட்டிவ். அப்ப இல்லத்தானே?

எந்த நாளில் எடுத்தது என்பதுதான் கேள்வி. எதிர்ப்புடலைத் தேடும் பரிசோதனை முதல் நான்கைந்து நாளில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது, உடம்பு இன்னும் அதை உருவாக்கியிருக்காது. ஒரு கிழமை கழித்து மறுபடியும் எடுத்தால்தான் தெரியும். உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு மாதிரி கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் வரைகூடப் போகும்.

முடிவு வரும்வரை டொக்டர்கள் காத்திருப்பதில்லை, சந்தேகத்திலேயே மருந்தைத் தொடங்குவார்கள். அதுதான் சரி.

நோ தாங்க ஏலாம ஊசி ஒண்டு போட்டுக்கொண்டு வந்தன். பரவாயில்லையா?

என்ன ஊசி என்று முதலில் கேளுங்கள். டைக்ளோஃபினாக், இபுபுரோஃபன், அஸ்பிரின் இவை சிறுதட்டின் வேலையைக் கெடுக்கும், வயிற்றைப் புண்ணாக்கும். டைக்ளோஃபினாக்கும் இபுபுரோஃபனும் சிறுநீரகத்துக்கும் அடி. ஏற்கெனவே மூன்றும் ஆட்டம் காணும் வருத்தத்தில் இது நெருப்பில் எண்ணெய். எனது மச்சானுக்கு உழவு நேரத்தில் கெண்டைக்கால் நோவுக்கு ஒரு இடத்தில் இப்படி இரண்டு நாள் ஊசி போட்டார்கள். வயலில் இறங்கினாரா என்று அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மூத்திரம் நின்றுவிட்டது. இரத்தச் சுத்திகரிப்பு செய்துதான் மீண்டார்.

பனடோல் போதும், அளவோடு. மற்றதெல்லாம் டொக்டர் பார்த்து.

பீஎச்ஐ ஐயா குடுத்த குளிசை இருக்கு. குடிச்சா வயிறு எரியுது, விட்டுட்டன்.

அது டொக்சிசைக்ளின், எலிக்காய்ச்சல் வராமல் இருக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொடுப்பது. வயலில் இறங்குபவருக்கு வாரம் ஒரு தரம் 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு. வெறும் வயிற்றில் குடித்தால் எரியத்தான் செய்யும். சாப்பிட்ட பின் ஒரு கோப்பை நிறையத் தண்ணீரோடு குடித்துவிட்டு, உடனே பாயில் சரியாமல் அரை மணித்தியாலமாவது நிமிர்ந்து இருங்கள். பாலோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் சேர்க்க வேண்டாம். வெயில் கொஞ்சம் அதிகமாகச் சுடும், தொப்பி போடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது கொடுப்பதில்லை. குளிசை குடித்தவருக்கும் காய்ச்சல் வரலாம், முழுக் காப்பு இல்லை. வந்தால் “நான் குளிசை குடிச்சனான்” என்று ஆறுதல்படாமல் போய்க் காட்டுங்கள். தடுப்பூசி? பிரான்ஸ், கியூபா, சீனா போன்ற சில நாடுகளில் மனிதருக்கு உண்டு. இங்கே வழமையாகப் போடுவதில்லை. நாய்க்கு உண்டு.

வேற காய்ச்சலிலயும் பிளேட்லெட் குறையுமா, இதில மட்டுமா?

குறையும். உண்ணிக் காய்ச்சல், நெருப்புக் காய்ச்சல் (டைபொயிட்), இரத்தத்தில் பரவிய எந்தக் கடும் பக்டீரியாத் தொற்றிலும் குறையலாம். சேற்றிலிருந்தே வரும் மெலியோய்டோசிஸ் என்று ஒன்றும் இலங்கையில் உண்டு. அது நீரிழிவுக்காரரைத்தான் கூடுதலாகத் தேடிப் பிடிக்கும். எலிக்காய்ச்சல் மருந்து போட்டும் காய்ச்சல் விடாமல் எங்காவது சீழ் கட்டினால் டொக்டர்கள் அதை நினைப்பார்கள். சீனி வருத்தம் இருப்பதை மறைக்க வேண்டாம்.

வீட்டில மத்தவங்களுக்குத் தொத்துமா? ஒருக்கா வந்தா இனி வராதுதானே?

ஆளுக்கு ஆள் தொற்றுவது மிக அரிது. ஒரே பாயில் படுக்கலாம், ஒரே கோப்பையில் சாப்பிடலாம். குணமான பின்னும் சில கிழமை மூத்திரத்தில் கிருமி வரலாம் என்பதால் மலசலகூடத்தையே பாவியுங்கள், வாய்க்கால் கரையை அல்ல.

இரண்டாம் தரமும் வரும். இதில் 200க்கு மேற்பட்ட உபவகைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு எதிராக வந்த பாதுகாப்பு மற்றதுக்குப் பெரிதாக உதவாது.

ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டுட்டாங்க. நெல் வெட்டுக்கு இன்னும் மூண்டு கிழமைதான். எப்ப வயலுக்குப் போகலாம்?

சிறுதட்டு முதலில் சரியாகும். ஹீமோகுளோபின் ஏற சில கிழமைகள் எடுக்கும், அதுவரை வரம்பில் நடந்தாலே களைக்கும். கிரியேட்டினின் சரியாகிவிட்டதா என்று கிளினிக் திகதியில் போய்ப் பாருங்கள். நன்றாயிருக்கிறது என்று கிளினிக்கைத் தவற விடுபவர்கள்தான் கூட. மாதங்கள் கழித்துக் கண் சிவந்து மங்கினால் அதுவும் இதன் மிச்சமாக இருக்கலாம், கண் டொக்டரிடம் எலிக்காய்ச்சல் வந்த கதையைச் சொல்லுங்கள்.

வெட்டுக்கு நீங்கள் போகாவிட்டாலும் மெசின் வரும். காலில் உள்ள புண் காயும்வரை தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், வயல்பகுதிக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் சொல்லிவிட்டு வாடியில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும் நாளில் பூட்ஸ் போடுங்கள். சேற்றில் பூட்ஸ் இழுபடுகிறது என்றால், புண்ணை நீர் புகாமல் ஒட்டி மூடிவிட்டாவது இறங்குங்கள்.